மூன்றாம் நாளின் இரவு

எட்டாவது தலையணை நிலவறை வாயில் சிக்கிக்கொண்டது. மேலேயிருந்து ஹிர்ஷ்பெர் முழங்காலை வைத்து அமுக்கினார். கீழே ஏணியில் நின்றபடி நான் இரண்டு மூலைகளையும் பிடித்து இழுத்தேன். முதல் ஏழும் எப்படியோ நுழைந்துவிட்டன. எட்டாவது மணமக்களுக்கானது. வாத்து வியாபாரி வீட்டுத் தலையணை என்றால் சும்மாவா? மகள் ஸிஸல் பிறந்த வருடத்திலிருந்து, அறுத்த வாத்துகளின் மார்பு இறகை மட்டும் பிரித்தெடுத்து, வெயிலில் உலர்த்தி, ஹிர்ஷ்பெரின் மனைவி எட்டில் தன் கையால் அடைத்தது. அதை ஒரு துளைக்குள் திணிப்பது சினைப்பசுவைக் கோழிக்கூட்டுக்குள் அனுப்புவது போலிருந்தது.

"இழுங்க ஐஸிக், விடாதீங்க!" என்றார் ஹிர்ஷ்பெர்.

"இழுத்தா தையல் விட்டுடும்."

"விட்டா விடட்டும். கிழிக்க வர்றவங்களுக்கு ஒரு வேலை மிச்சம்," என்றாள் ஸிஸல் அடுப்படியிலிருந்து. அவள் வாயில் வாத்துத்தோல் வறுவல் நொறுங்கும் சத்தம் நிலவறை வரை கேட்டது.

"வாயைக் கழுவுடி மூதேவி! நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கப் போறவ பேசுற பேச்சா இது?" என்றாள் எட்டில்.

"நாளைக்குப் பூரா பட்டினி கிடக்கணும்ல, அதான் இன்னிக்கே தின்னுக்கறேன். வெறும் வாயில என்ன பேசுறது?"

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையிலும், இந்தக் கல்யாணத்தின் எல்லாக் கடிதங்களையும் எழுதியவன் என்ற முறையிலும் நான் அங்கே இருந்தேன். வெர்பிவ்காவில் கடிதம் என்றால் நான்தான். பேச்சு மொழியில் ஒன்று, புனித மொழியில் ஒன்று, அரசாங்கத்தின் மொழியில் ஒன்று என்று மூன்று மொழிகளில் எழுதுவேன். எங்கள் ஊரின் இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து. எழுதியது ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்திருப்பேன். முப்பது வருடத்து நகல்கள் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஒரு தவறு கிடையாது என்று சொல்லிக்கொள்வேன். அன்று மத்தியானம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள், ஞாயிறு சாயங்காலம், ஓனிஸ்கோ என் வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தான். யூதர்களான நாங்கள் நெருப்பைத் தொடாத ஓய்வுநாட்களில் எங்கள் தெருவின் அடுப்புகளையெல்லாம் மூட்டிவிட்டு, வீட்டுக்கு ஒரு துண்டு பின்னல் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிற கிறிஸ்தவன். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"நாளைக்குத்தான், எழுத்துக்காரரே. சந்தைக்கு வர்ற வண்டியெல்லாம் காலியா வரும். மருந்துக்கடையோட பெரிய சன்னல் கண்ணாடி முதல்ல உடையும். அதான் அடையாளம். அந்தச் சத்தத்துக்கப்புறம் மூணு நாளைக்கு, உங்க வீட்டுல புகுந்து எடுக்கற எவனையும் ஏன்னு கேக்க மாட்டோம்னு காவல் அதிகாரி சொல்லியிருக்காரு. அச்சடிச்ச தாள்கூட படிச்சுக் காமிச்சாரு. ராஜாவே சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

"நீ என்ன பண்ணப்போற?"

"நான் என் கூரையைச் செப்பனிடப் போறேன். கூரை மேல இருக்கறவன யாரும் வா வான்னு கூப்பிட மாட்டாங்க."

ஊரில் இருந்த அரைக் கம்பெனிச் சிப்பாய்களை அன்று காலைதான் ரயில் பாதைக்குக் காவல் என்று சொல்லி நடத்திக்கொண்டு போயிருந்தார்கள். ஓடுகிற ரயில் ஒன்றும் இல்லை. நாடு முழுவதும் வேலைநிறுத்தம். தந்தியும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் துறைமுக நகரத்தில், ஒரு பகல் ஒரு இரவு வண்டித் தொலைவில் இருந்தார்கள். வராதீர்கள் என்று சொல்லவும் வழியில்லை.

"செவ்வாய்க்கிழமை அவங்க வரும்போது வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல நாங்க இருக்கணும் ஐஸிக். அது போதும் எனக்கு," என்று ஹிர்ஷ்பெர் சொன்னார். தலையணைகளை இறக்கலாம் என்றேன்.

ஒருவழியாக எட்டாவதும் உள்ளே விழுந்தது, என்னையும் ஏணியிலிருந்து சேர்த்துத் தள்ளிக்கொண்டு. எழுந்து மேலே வந்து சன்னல் இடுக்கு வழியாகச் சந்தைத் திடலைப் பார்த்தேன். ஓனிஸ்கோ சொன்னபடியே இருந்தது. நாற்பது வண்டிகளுக்கு மேல். ஒன்றிலும் ஒரு முட்டைக்கோஸ்கூட இல்லை. வண்டிகளில் பெண்கள் மடித்த கோணிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் எனக்கு வெங்காயம் விற்று, ஒன்று கூடப் போட்ட ஓல்யானாவும் இருந்தாள். மருந்துக்கடைக்கு எதிரே ரயில்வே கோட்டு போட்ட ஒருவன், எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திராத ஆள், வலது கையைப் பையிலிருந்து எடுக்காமல் நின்றான். அந்தப் பை கனத்துத் தொங்கியது. காவல் நிலைய வாசலில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கிழக்குச் சாலையில் அந்தச் சத்தம் கேட்டது. சக்கரங்கள், ஏராளமான சக்கரங்கள். ஆண்கள் கூட்டமாகக் கத்துவது. எட்டில் விளக்கை ஊதி அணைத்தாள், பகல் என்பதை மறந்து. ஹிர்ஷ்பெர் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஸிஸல். காதைக் கூர்மையாக்கினாள். "கொள்ளையடிக்க வர்றவன் கிளாரினெட் வாசிச்சுக்கிட்டா வருவான்?"

கதவைத் திறந்தோம்.

துறைமுகத்துப் பார வண்டிகள். மூட்டை ஏற்றுகிற, பக்கப்பலகை இல்லாத, நீளமான வண்டிகள். ஒவ்வொன்றிலும் எருதைப்போன்ற இரண்டு குதிரைகள், பிடரியில் சிவப்பு ரிப்பன்கள். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பத்தொன்பது வண்டிகள், அறுபத்திரண்டு ஆண்கள், பெண்களும் குழந்தைகளும் தனி. உப்பும் தானியமும் தூக்கித் தூக்கி, கழுத்து எது தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆண்கள். முதல் வண்டியில் கடிவாளத்தைப் பிடித்து நின்றுகொண்டே வந்தவர் கோப்பல், மாப்பிள்ளையின் அப்பா. அவருக்குப் பின்னால் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தவன் மாப்பிள்ளை நோஹெம்.

"சம்பந்தியாரே!" கோப்பலின் குரலுக்குச் சந்தையின் புறாக்கள் எல்லாம் எழும்பின. "என்ன, கதவெல்லாம் சாத்திக்கிட்டு! இத்தனை பேர் சாப்பிடுவோம்னு முன்கூட்டியே சொல்லித்தானே அனுப்பிச்சோம்? பந்தல் எங்க? பொண்ணு எங்க? என் பையன் விடியறதுலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல!"

ஹிர்ஷ்பெர் வாசற்படியை விட்டு இறங்கினார். "கல்யாணம் நாளைக்குல்ல?"

"நாளைக்கா?" கோப்பல் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை உருவினார். என் கையெழுத்து. "படிச்சுப் பாருங்க. எங்க ரபி மூணு தடவை படிச்சுச் சொன்னாரு."

வாங்கிப் படித்தேன். எனக்குக் காது சூடானது.

ஹிர்ஷ்பெர் என்னிடம் சொன்னது, "செவ்வாய் ராத்திரி கல்யாணம்னு எழுதுங்க" என்பதுதான். தெருவில் எல்லோரும் பேசுகிற பேச்சில் அது செவ்வாய்ப் பகல் முடிந்து வருகிற இரவு. கல்யாணக் கடிதமாயிற்றே என்று நான் அதைப் புனித மொழியில், நல்ல மசியில், "மூன்றாம் நாளின் இரவு" என்று எழுதினேன். அந்த மொழியில் செவ்வாய்தான் மூன்றாம் நாள்; நாள் பிறப்பதே சூரியன் மறையும்போதுதான். இரவு முன்னால், பகல் பின்னால். மூன்றாம் நாளின் இரவு என்றால் திங்கள் சாயங்காலம். மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த விஷயம். முப்பது வருடத்தில் முதல் தவறு. அதற்கும் நகல் இருக்கிறது.

"மன்னிக்கணும்," என்று ஆரம்பித்தேன்.

கோப்பல் என்னைக் கவனிக்கவில்லை. திடலில் நின்ற நாற்பது வண்டிகளையும், கோணிகளையும், ரயில்வே கோட்டுக்காரனையும், தேநீர்க் கோப்பையைப் பாதியில் நிறுத்திய அதிகாரியையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா நோஹெம்! உன் மாமனாருக்கு ஊர்ல என்ன மதிப்பு! கல்யாணம் பாக்க கிராமத்து ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்திருக்குடா!" தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "டேய், வண்டிகளைத் திடலைச் சுத்தி நிறுத்துங்க! எல்லாருக்கும் ஊத்துங்க!"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா என்று பல வருடங்கள் கழித்துக் கேட்டேன். "எப்படி?" என்று திருப்பிக் கேட்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்தொன்பது பார வண்டிகளும் மருந்துக்கடை முதல் ஜெபாலயம் வரை வரிசையாக வந்து நின்றன. இறங்கிய ஆண்கள் சாட்டைகளைக் கையில் வைத்திருந்தார்கள். வண்டிக்காரன் கையில் சாட்டை இருப்பதை யார் குறை சொல்ல முடியும்?

அதிகாரி என்னை விரலால் அழைத்தார்.

"யாருடா இவங்கள்லாம்?"

"கல்யாண விருந்தாளிங்க ஐயா."

"ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு நீ எழுதின மனுவுல நாளைக்குன்னுல்ல இருக்கு? துறைமுகத்து வண்டிக்காரங்க அறுபது பேரு, செவ்வாய்க்கிழமைன்னு! முத்திரைத்தாள்ல பொய் எழுதினா என்ன தண்டனை தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அறுபது பேர் செவ்வாய்க்கிழமை வருவார்கள் என்று ஒழுங்காக, எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தவன் நான். திங்கட்கிழமையை அவர் தேர்ந்தெடுத்தது என் மனுவைப் படித்துவிட்டுத்தான்.

"பொய் இல்லீங்க ஐயா. சூரியன் மறைஞ்சதும் எங்களுக்குச் செவ்வாய் பொறந்துடும். மனுவுலயும் செவ்வாய்தான் இருக்கு."

அவர் அண்ணாந்து பார்த்தார். "சூரியன்கூட உங்களுக்குத் தனியா?"

"சூரியன் ஒண்ணுதான் ஐயா. நாங்க கொஞ்சம் முந்தியே எண்ண ஆரம்பிச்சுடுவோம்."

அவர் இன்னும் ஏதோ சொல்லியிருப்பார். அதற்குள் கோப்பலின் இரண்டு தம்பிகள் ஒரு தட்டில் வோட்காவும் தேன் கேக்கும் கொண்டுவந்து, அவருடைய நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். நிழல் முழுவதும் அவர் மேல் விழுந்தது. வாங்கிக் குடித்தார். அதைச் சம்மதம் என்று நான் எழுதமாட்டேன். தாகம் என்று எழுதலாம்.

அந்த வாரம் ஆற்றங்கரை ஊர்களிலும் துறைமுகத்திலும் நடந்ததை இங்கே சொல்லப்போவதில்லை. உதவிக் குழுவுக்கு அனுப்பிய, செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் என் கையால் எழுதியதுதான். கோப்பலின் தெருவும் அதில் உண்டு, அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களின் பெயர்களோடு. ஆனால் அந்தத் திங்கள் பிற்பகலில் எங்களுக்கு அது தெரியாது. எட்டிலுக்கு அன்று உலகத்திலேயே பெரிய கஷ்டம் மீன்தான்.

"உயிரோட தொட்டில நீந்திக்கிட்டிருக்கு சம்பந்தியம்மா! நாளைக்குக் காலைல அறுக்கலாம்னு இருந்தேன். நான் என்னத்தப் பரிமாறுவேன்!"

கோப்பலின் மனைவி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். "கத்தி எங்க இருக்கு? அத மட்டும் சொல்லுங்க." அவள் பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் நுழைந்தார்கள். ஒருத்தி வெங்காயம், ஒருத்தி மிளகு, இரண்டு பேர் ஸிஸலை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, உடையின் கீழ் விளிம்பை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தைக்க ஆரம்பித்தார்கள். நடுவில் எங்கேயாவது சந்திப்பார்கள் என்ற நம்பிக்கையில். தைக்கிற வேகத்தில் அதில் ஒருத்தி கேட்டாள், "ஏம்மா, மருமகளே, பட்டினியாத்தானே இருக்க?"

 கல்யாண நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் பந்தலுக்கு வரும்வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. நோஹெம் வெளியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, கண்கள் சொருக, மரியாதையாகப் பட்டினி கிடந்தான். ஸிஸலின் உதட்டோரம் வாத்துக்கொழுப்பு மின்னியது.

"நாளைக்கு இருந்துக்கறேன்," என்றாள். "பட்டினியும் ஒரு நாள் தள்ளி வந்தா என்ன? எல்லாத்துக்கும் ஐஸிக் மாமாதான் பொறுப்பு."

சிரிப்பு ஓய நேரமாயிற்று. தெருவுக்குப் போய் ரபியைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவி, தெரியாமல் தின்றதற்குக் குற்றமில்லை, தெரிந்தபிறகு தின்னாமல் இருந்தால் போதும் என்றார். உள்ளே வந்து பார்த்தபோது ஸிஸல் வறுவல் தட்டை ஏக்கத்தோடு தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

நிலவறைக்குள் போன தலையணைகள் எல்லாம் மறுபடி மேலே வந்தன. அத்தனை குழந்தைகளை எங்கே படுக்கவைப்பது? எட்டாவதை மட்டும் எங்களால் அசைக்க முடியவில்லை. கோப்பல் குனிந்து ஒற்றைக் கையால் இழுத்தார். பாட்டில் மூடி கழலுகிற சத்தத்தோடு வந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு அது உறைத்தது. ஹிர்ஷ்பெரையும் கோப்பலையும் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனேன்.

"பந்தல் ஜெபாலயத்து வாசல்ல. மருந்துக்கடைக்கு நேர் எதிர். கிராமத்துக்காரங்க முழுசா இன்னும் போகல. பாதி வண்டி போயிருக்கு, பாதி நிக்குது. அந்தக் கோட்டுக்காரன் அசையவே இல்ல. கண்ணாடி உடையற சத்தத்துக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க." மூச்சு வாங்கினேன். "சடங்கு முடிவுல மாப்பிள்ளை என்ன பண்ணணும்?"

ஹிர்ஷ்பெரின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைக்க வேண்டும். உடையாமல் கல்யாணம் முடியாது.

"துணியில சுத்தி, மெதுவா..." என்றார்.

"சுத்துறது சுத்துறதுதான். மெதுவாவா?" என்றார் கோப்பல். "என் பையன் ஒரு நாளைக்கு நூறு மூட்டை தூக்குறவன். மெதுவான்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது சம்பந்தியாரே."

"இந்த ஒரு தடவை மட்டும் விட்டுட்டா என்ன? ரபிகிட்ட கேட்டுப் பாக்கலாம்."

சன்னலுக்கு உள்ளேயிருந்து ஸிஸல் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலி மேலே நின்றபடி, இரண்டு பெண்கள் காலடியில் தைத்துக்கொண்டிருக்க, தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"உடையட்டும்ப்பா. வேற கண்ணாடி உடையறதுக்கு முன்னாடி நம்ம கண்ணாடி உடையட்டும். உடைஞ்சும் உடையாமலும் கல்யாணம் பண்ணிக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?"

சூரியன் தானியக் கிடங்கின் கூரைக்குப் பின்னால் இறங்கியது. செவ்வாய் பிறந்தது. நான்கு கோல்களைப் பிடித்த நான்கு வண்டிக்காரர்களுக்கு நடுவே பந்தல்துணி காற்றில் உப்பியது. அறுபது எழுபது பின்னல் மெழுகுவர்த்திகள். எதிரே மருந்துக்கடையில் விளக்கேற்றவில்லை. கடைக்காரர் தன் மனைவி பிள்ளைகளோடு பந்தலடியில் நின்றிருந்தார். இருட்டிய கடையின் அந்தப் பெரிய கண்ணாடியில் மெழுகுவர்த்திகள் எல்லாம் இன்னொரு முறை எரிந்தன.

ரயில்வே கோட்டுக்காரன் அதே இடத்தில். ஆனால் அவன் பக்கத்தில், கிட்டத்தட்ட தோளோடு தோள் உரச, இப்போது இன்னொருவன் நின்றான். ஓனிஸ்கோ. கூரையிலிருந்து எப்போது இறங்கினான் என்று நான் பார்க்கவில்லை. முழங்காலெல்லாம் வைக்கோல். யாரோ கொடுத்த பின்னல் ரொட்டியை அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தான். தனக்கு ஒரு கடி, பிறகு ஒரு துண்டைப் பிய்த்துக் கோட்டுக்காரனிடம் நீட்டுவான். அவன் தலையை ஆட்டி மறுப்பான். ஓனிஸ்கோ மறுபடி நீட்டுவான்.

ஸிஸல் மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றி வந்தாள். இரண்டு பக்கத் தையலும் நடுவில் சந்திக்கவில்லை. விளிம்பு பின்னால் ஒரு சாண் இழுபட்டது. நோஹெம் பசியில் லேசாக ஆடினான். மோதிரம் போட்டபோது அவள் ஏதோ மெல்லச் சொன்னாள், அவன் சிரித்துவிட்டான், ரபி செருமினார். ஏழு ஆசிகளும் சொல்லி முடிந்தன. ஒவ்வொரு ஆசியையும் ரபி நீட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கோப்பையை வெள்ளைத் துணியில் சுற்றி, கல்லின் மேல் வைத்தார்கள்.

நோஹெம் காலைத் தூக்கினான். துறைமுகத்துப் பூட்ஸ். வண்டிக்காரர்கள் சாட்டையை இறுக்கியதை நான் கேட்டேன். தோல் முறுகுகிற சத்தம் அது. வண்டிகளிலிருந்த பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

மெதுவாக என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சத்தம் திடலைக் கடந்து, தானியக் கிடங்கில் மோதி, திரும்பி வந்தது.  திடல் முழுவதும், அவர்களும் நாங்களும், ஒரே தலைபோல மருந்துக்கடையின் பக்கம் திரும்பினோம்.

கண்ணாடி அப்படியே இருந்தது. அதற்குள் பந்தல் இருந்தது. வரிசையாக எங்கள் வண்டிகளும் அவர்கள் வண்டிகளும், குதிரைகளின் சிவப்பு ரிப்பன்கள், அத்தனை மெழுகுவர்த்திகள். கோட்டுக்காரனின் முதுகு இருந்தது. அவன் வலது கை இன்னும் பைக்குள்தான். இடது கையில், எப்போது வாங்கினானோ, ஒரு துண்டு ரொட்டி.

"மஸல்தோவ்!" என்றாள் ஸிஸல், தன் கல்யாணத்துக்குத் தானே முதல் வாழ்த்தாக. அதற்குப் பிறகு அறுபத்திரண்டு பேரும் கத்தினார்கள், முரசு அதிர்ந்தது, கிளாரினெட் கிறுக்குப் பிடித்ததுபோல் கிளம்பியது. அந்தப் பெரிய கண்ணாடி சட்டத்துக்குள் மெல்ல நடுங்கியது. நடுக்கத்தில் உள்ளே இருந்த எல்லாமும் ஆடத் தொடங்கின: பந்தலும், விளக்குகளும், வண்டியோரத்தில் மடித்த கோணி மடியிலிருந்து நழுவியது தெரியாமல் உட்கார்ந்திருந்த ஓல்யானாவின் செருப்புக் கால்களும்.